மொபைலில் நேராக நிற்கும் படம் தளத்தில் படுத்துக்கொள்வது ஏன்?

கேள்வி: எங்கள் அமைப்பின் இணையதளத்தில் உறுப்பினர் படங்களை ஏற்றும் வேலையை நான் பார்க்கிறேன். மொபைலை நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்கள் மட்டும் தளத்தில் தலை இடப்பக்கம் இருக்கும்படி படுத்துவிடுகின்றன. கணினியில் திருப்பிச் சேமித்து மறுபடி ஏற்றினாலும் அதே கதைதான். படுக்கைவாட்டில் எடுத்தவற்றில் தொல்லை இல்லை. தளத்தைச் செய்துகொடுத்தவர், இதற்கென்று ஒரு பிளகின் (தளத்தில் சேர்க்கும் துணை நிரல்) வாங்கினால்தான் சரியாகும் என்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். காசு போவதைவிடப் பெரிய சங்கடம், அந்த பிளகின் இரண்டாவதாக ஒரு குழப்பத்தைக் கொண்டுவந்து சேர்க்கலாம்.

மொபைல் கேமராவின் சென்சார் அசையாது. நீங்கள் மொபைலை எப்படிப் பிடித்தாலும் அது படத்தைப் பெரும்பாலும் படுக்கைவாட்டிலேயே, 4032-க்கு 3024 பிக்சல் என்பதுபோல எழுதிவிடும். அதோடு கோப்புக்குள் ஒரு எண்ணையும் குறித்து வைக்கும். பெட்டியைப் படுக்க வைத்து, ‘இந்தப் பக்கம் மேலே’ என்று சீட்டு ஒட்டுவது மாதிரிதான். படக் கோப்புக்குள்ளேயே கேமரா எழுதிவைக்கும் குறிப்புகளுக்கு எக்ஸிஃப் என்று பெயர்; அதில் ‘ஓரியன்டேஷன்’ என்ற பெயரில் இருப்பது அந்த எண். 1 என்றால் திருப்ப வேண்டாம். நிமிர்த்திப் பிடித்த மொபைலின் பின்கேமரா படத்தில் பொதுவாக 6 இருக்கும். கடிகாரம் சுற்றும் திசையில் 90 டிகிரி திருப்பிக் காட்டு என்று பொருள். மொத்தம் எட்டு மதிப்புகள் உண்டு, மற்றவை உங்களுக்குத் தேவைப்படாது. படுக்கைவாட்டுப் படங்கள் ஏன் தப்பிக்கின்றன என்பது இப்போது புரிந்திருக்கும். அவற்றில் பெரும்பாலும் இருப்பது 1, தொலைந்தாலும் நஷ்டமில்லை.

உங்கள் தளத்தில் தொலைவது அந்த 6. படத்தை ஏற்றியதும் சர்வர் அதைச் சிறிதாக்கிப் பல அளவுகளில் புதுக் கோப்புகள் செய்கிறது. அப்போது பிக்சல்களை மட்டும் எடுத்துக்கொண்டு எக்ஸிஃபைத் தூக்கி எறிந்துவிடுகிறது. சோதிப்பது சுலபம். ஏற்றிய மூலக் கோப்பின் முகவரியைத் தனியாக பிரவுசரில் திறந்து பாருங்கள். அது நேராக இருந்து, பக்கத்தில் உள்ள சிறிய படம் மட்டும் படுத்திருந்தால் சர்வர்தான் குற்றவாளி.

இந்த விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது. எக்ஸிஃப் தரம் வந்தது 1995-இல். பக்கத்தில் இடம்பெறும் படங்களுக்கும் இந்தக் குறிப்பை மதித்துக் காட்டுவதை க்ரோம், ஃபயர்ஃபாக்ஸ், சஃபாரி மூன்றும் இயல்பாக்கியது 2020-இல். கால் நூற்றாண்டு! இன்றும் சர்வரில் ஓடும் நிரல்களில் எத்தனையோ இதைக் கண்டுகொள்வதில்லை. அவற்றை எழுதியவர்கள் சோதனைக்கு எடுத்துக்கொண்டதெல்லாம் படுக்கைவாட்டுப் படமாகத்தான் இருக்கும்.

கணினியில் திருப்பியும் பலிக்காததற்குக் காரணம், படம் பார்க்கும் ஆப்கள் பல ‘திருப்பு’ பொத்தானை அழுத்தினால் பிக்சலைத் தொடாமல் அந்த எண்ணை மட்டும் மாற்றிவைக்கின்றன. சர்வர் தூக்கி எறிவதே அதைத்தான். ஆகவே பிக்சலே திரும்ப வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படத்தைத் திறங்கள். எக்ஸிஃபில் திசைக் குறிப்பு இருக்கிறது, திருப்பட்டுமா என்று அதுவே கேட்கும். திருப்பு என்று சொல்லி, ஜேபெக்காக ஏற்றுமதி செய்யுங்கள். அந்தப் புதுக் கோப்பை மறுபடி ஜிம்ப்பில் திறந்து பாருங்கள். கேள்வி வராவிட்டால் வேலை முடிந்தது, தளத்தில் ஏற்றலாம்.

ஒவ்வொரு படத்துக்கும் இதைச் செய்துகொண்டிருக்க முடியாதுதான். தளத்தைச் செய்தவரிடம், ‘ஏற்றியவுடன் முதலில் ஓரியன்டேஷன்படி பிக்சலைத் திருப்பு, எண்ணை 1 ஆக்கு, பிறகு சிறிதாக்கு, கடைசியில் எக்ஸிஃபை நீக்கு’ என்று இந்த வரிசையிலேயே கேளுங்கள். சர்வரில் படங்களைக் கையாளும் நிரல்களில் இதற்கு வழி இருக்கிறது: இமேஜ்மேஜிக்கில் ஆட்டோ ஓரியன்ட் என்று ஒரு கட்டளை, பைத்தானின் பில்லோவில் எக்ஸிஃப் டிரான்ஸ்போஸ் என்று ஒரு வரி. அவருக்குப் புரியும். இதற்கு நாள் கணக்கில் கூலி கேட்டால் வேறு ஆளைப் பாருங்கள். வேர்ட்பிரஸ் தளமென்றால் 2019-இல் வந்த 5.3 பதிப்பிலிருந்தே ஏற்றும்போது தானாகத் திருப்பிக்கொள்கிறது. அதைவிடப் பழைய பதிப்பை ஓட்டிக்கொண்டு பிளகின் விற்பவரிடம், முதலில் தளத்தைப் புதுப்பிக்கச் சொல்லுங்கள்.

பிளகினில் எனக்குள்ள பயத்தையும் சொல்லிவிடுகிறேன். சில நிரல்கள் பிக்சலைத் திருப்பிவிட்டு, எண்ணை 6 ஆகவே விட்டுவிடும். பிரவுசர் அதைப் படித்து இன்னொரு முறை திருப்பும். உங்களுக்கு இப்போது தலை இடப்பக்கம் இருக்கிறது, அதாவது குறிப்பு தொலைந்திருக்கிறது. பிளகின் போட்டபின் தலை வலப்பக்கம் போனால் இரட்டைத் திருப்பம் நடந்திருக்கிறது. அதைச் சரிசெய்ய இன்னொரு பிளகின் வாங்கச் சொல்வார்கள்.

இன்னொரு கைங்கரியம், பக்க வடிவமைப்பில் ‘90 டிகிரி திருப்பு’ என்று சிஎஸ்எஸ்ஸில் ஒரு வரி சேர்ப்பது. படுத்த படம் எழுந்துவிடும்; ஒழுங்காக இருந்த படங்கள் படுத்துவிடும். படத்துக்கு ஒதுக்கிய இடம் மாறாததால் பக்கத்து எழுத்தின் மேலும் ஏறிக்கொள்ளும். படத்தை இலவசமாகத் திருப்பித் தருகிறோம் என்னும் தளங்கள் பக்கமும் போகாதீர்கள். மொபைலில் இருப்பிடம் காட்டும் வசதி திறந்திருந்தால், படம் எடுத்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை அதே எக்ஸிஃபில் இருக்கும். உங்கள் உறுப்பினர்களின் வீட்டுக் கதவு வரை வழிகாட்டும் தகவல் அது. யாரென்றே தெரியாதவரிடம் அதை எதற்குக் கொடுக்க வேண்டும்?

சர்வரைத் திருத்தியும் படுக்கிற படங்கள் சில வரும், அப்போது யாரையும் திட்டாதீர்கள். உறுப்பினர்கள் தங்கள் பழைய அச்சுப் படத்தை மேசையில் வைத்து, மொபைலை அதன்மேல் கவிழ்த்துப் பிடித்து எடுத்து அனுப்புவார்கள். நிமிர்ந்திருக்கிறோமா படுத்திருக்கிறோமா என்பதை மொபைல் புவியீர்ப்பை வைத்துத்தான் கண்டுபிடிக்கிறது. தரையைப் பார்த்துக் கவிழ்ந்திருக்கும்போது நான்கு பக்கமும் அதற்கு ஒன்றுதான். கடைசியாக நினைவிலிருந்த திசையையோ, கை லேசாகச் சாய்ந்த திசையையோ எழுதிவைத்துவிடும். அதாவது குறிப்பே பொய். சர்வர் அந்தப் பொய்யை அச்சுப் பிசகாமல் நிறைவேற்றும். இந்த வகைப் படம் எடுத்த மொபைலிலேயே கோணலாகத் தெரியும், அதுதான் அடையாளம். இதைக் கையால்தான் திருப்ப வேண்டும், வேறு வழியில்லை. எடுப்பவர்களிடம், முதலில் மொபைலை நேராக நிமிர்த்திவிட்டு மெதுவாகக் கவிழ்க்கச் சொன்னால் பாதித் தொல்லை குறையும். முடிந்தால் படத்தைச் சுவரில் சாய்த்து வைத்து எடுக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே ஏற்றிய படங்கள் தானாக எழுந்து நிற்காது. அவற்றைத் திரும்ப ஏற்றத்தான் வேண்டும். ஏற்றும்போது கோப்புக்கு வேறு பெயர் கொடுங்கள். பழைய பெயரிலேயே ஏற்றினால் பிரவுசர் தன் கேஷில் (முன்பு பார்த்ததைச் சேமித்து வைக்கும் இடத்தில்) உள்ள படுத்த படத்தையே காட்டிக்கொண்டிருக்கும்; சரியாகவில்லை என்று நினைத்து நீங்கள் மறுபடி அந்த பிளகின்காரரிடம் போய் நிற்பீர்கள்.