கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் இருக்கிறது, பற்களை வரிசைப்படுத்தக் கிளிப் போடலாமா?

போடலாம். இரண்டு வருடம் முன் வலது கீழ் முதல் கடைவாய்ப் பல்லுக்கு வைத்த இம்பிளான்ட்டை, அதாவது தாடையெலும்பில் பதித்த செயற்கை வேரை, கழற்ற வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள், தேவையில்லை. ஆனால் அது இருந்த இடத்திலேயேதான் இருக்கும். இயற்கைப் பல்லின் வேரைச் சுற்றி மெல்லிய நார்ச்சவ்வு உண்டு. கிளிப் அழுத்தும்போது வேரின் ஒரு பக்கம் எலும்பு கரைந்து மறுபக்கம் வளர்வது அதனால்தான். இம்பிளான்ட் எலும்போடு நேரடியாகப் பிணைந்துவிட்டது, சவ்வே கிடையாது. ஆகவே மற்ற பற்களைத்தான் அதற்கேற்ப நகர்த்தத் திட்டமிட வேண்டும். அசையாத அதையே நங்கூரமாக வைத்துப் பக்கத்துப் பற்களை இழுக்கலாம். ஒரு வகையில் உங்களுக்கு லாபம்.

தொல்லை இம்பிளான்ட்டின் மேல் மாட்டிய பீங்கான் கேப்பில்தான் (பல் வடிவ உறை). பீங்கானில் பிராக்கெட் (கிளிப் கம்பியைத் தாங்கப் பல்லில் ஒட்டும் சிறு துண்டு) சாதாரணமாக ஒட்டாது. மேற்பரப்பைச் சொரசொரப்பாக்கி, சைலேன் என்ற பிணைப்புத் திரவம் பூசி ஒட்டுவார்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலம் தடவினால் ஈறில் படாமல் ரப்பர் டாம் (பல்லைச் சுற்றிக் கட்டும் ரப்பர் தாள்) கட்டச் சொல்லுங்கள், அது பொல்லாத அமிலம். கழற்றும்போது பீங்கான் சில்லு பெயரலாம். அதற்குப் பதில் சிகிச்சை முடியும்வரை தற்காலிக அக்ரிலிக் கேப் போட்டு, பிறகு புதிய கடிக்கேற்ப நிரந்தரக் கேப் செய்வது நல்லது.

தொடங்குமுன் எக்ஸ்ரே எடுங்கள். பக்கத்து வேர் இம்பிளான்ட்டுக்கு 1.5 மி.மீ.க்குள் நெருங்கக் கூடாது. கம்பிக்குப் பதில் அலைனர் (கழற்றி மாட்டும் பிளாஸ்டிக் உறை) என்றால் இம்பிளான்ட் பல்லை ‘நகராதது’ என்று திட்டத்தில் குறித்திருக்கிறார்களா என்று பாருங்கள்.