ஒரு ராத்திரிக்கு ஒரு பேய்: குட்டித் திகில் கேம் தொகுப்புகள் – கேள்வி பதில்

'ட்ரெட் எக்ஸ் கலெக்‌ஷன்' மாதிரி குட்டித் திகில் கேம் தொகுப்புகளைப் பற்றி நம்ம திருநெல்வேலிப் பக்கத்து ஆட்கள் கேட்டதையெல்லாம் சேர்த்து வைத்துப் பதில் எழுதியிருக்கிறேன். எந்தக் கேமின் முடிவையும் போட்டு உடைக்கவில்லை, தைரியமாகப் படிக்கலாம்.

வள்ளியூர்க்காரன்: அண்ணாச்சி, இது ஒரு கேமா, பத்துக் கேமா? ஸ்டீம்ங்கிற கேம் கடைல பாத்தா ஒண்ணுமே வெளங்கல.

ட்ரெட் எக்ஸைச் சொன்னால், முதல் தொகுப்பில் பத்துக் கேம், ஒரே விலை. அது 2020 மே மாதம் வந்தது. பெரிய கம்பெனி சாராமல் சொந்தமாகக் கேம் செய்கிற இண்டி டெவலப்பர்கள் பத்துப் பேரைக் கூப்பிட்டு, 'உங்களுக்கு என்றைக்காவது செய்ய ஆசைப்படுகிற திகில் கேம் ஒன்று இருக்குமே, அதற்கு பி.டி. மாதிரி ஒரு முன்னோட்டம் செய்து தாங்க, ஏழு நாள் டைம்' என்று சொல்லிவிட்டார்கள். பி.டி. தெரியும்தானே? 2014 ஆகஸ்டில் பிளேஸ்டேஷன் 4-ல் இலவசமாக விட்டார்கள், 'சைலன்ட் ஹில்ஸ்' என்று வரப்போகிற பெரிய கேமுக்கு முன்னோட்டம். வீட்டுக்குள் ஒரே நடைவழியைத் திரும்பத் திரும்பச் சுற்றி வருவதுதான் மொத்தக் கேமும். அடுத்த வருஷமே அந்தப் பெரிய கேமை ரத்து பண்ணி, முன்னோட்டத்தையும் கடையிலிருந்து எடுத்துவிட்டார்கள். வராமலே போன கேமின் டீசரைத்தான் இன்றைக்கும் ஆளுக்கு ஆள் கும்பிடுகிறார்கள், அதனால் அதையே இலக்கணமாக வைத்ததில் ஆச்சரியமில்லை.

அப்புறம் அதே 2020-ல் ஆகஸ்டில் இரண்டாவது, அக்டோபரில் மூன்றாவது, 2021-ல் நாலாவது, 2022-ல் ஐந்தாவது. இரண்டாவதுக்கு லவ்கிராஃப்ட் என்கிற எழுத்தாளரின் திகில் கதைப் பாணி, மூன்றாவதுக்குச் செல்லமாகவும் இருக்கணும் பயமாகவும் இருக்கணும், நாலாவதுக்கு வேட்டை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பொருள் கொடுத்திருந்தார்கள்.

பேட்டைப் பையன்: மூணு கேம் சூப்பர், மூணு சுமார், மிச்சம் தண்டம். காசு போச்சே அண்ணாச்சி?

நீ தண்டம் என்று தள்ளுகிற அதே கேமுக்காகவே இன்னொருத்தன் மொத்தத் தொகுப்பையும் வாங்கியிருப்பான் தம்பி. விளையாடியவர்கள் எழுதுவதைப் பார், இரண்டு பேருடைய 'முதல் மூன்று' ஒரே மாதிரி இருப்பது அபூர்வம். பத்துக்கும் சராசரி போட்டு மார்க் கொடுக்கிற பழக்கம்தான் இதில் கோளாறு. என் கணக்கைச் சொல்கிறேன், முதல் தொகுப்பை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

எனக்கு உச்சம் 'சம்மர் நைட்'. 'ஃபெய்த்' கேமைச் செய்த ஏர்டார்ஃப் செய்தது. கையடக்க எல்சிடி கேம் ஒரு காலத்தில் இருந்ததே, கறுப்புப் பொம்மை டிக் டிக் என்று கட்டம் கட்டமாக நகருமே, கேம் முழுக்க அந்தத் திரைதான். இதில் என்ன பயம் வந்துவிடப்போகிறது என்று அலட்சியமாகப் பட்டனை அழுத்திக்கொண்டே இருப்போம், கொஞ்ச நேரத்தில் அந்த விளையாட்டுச் சாமான் நடந்துகொள்கிற விதமே மாறும், அப்போது கை தானாக வேகம் குறையும். அடுத்தது 'தி போனி ஃபேக்டரி', 'டஸ்க்' செய்த டேவிட் ஷிமான்ஸ்கியுடையது. முழுக்கக் கறுப்பு வெள்ளை, பாழடைந்த தொழிற்சாலை, கையில் துப்பாக்கி இருக்கும், ஆனால் துப்பாக்கி இருக்கிற தைரியம் மட்டும் வராது. 'ஹேண்ட் ஆஃப் டூம்' பயம் கம்மி, ருசி அதிகம்: மந்திரத்தின் துண்டுச் சொற்களைத் தேடிப் பொறுக்கி நாமே கோத்துப் போடவேண்டும், கோத்தது பலிக்கும்போது வருகிற சந்தோஷம் தனி. 'மிஸ்டர் பக்கெட் டோல்ட் மீ டு' தீவில் ஒதுங்கிய ஒருத்தன் ஒரு வாளியின் பேச்சைக் கேட்டு நடக்கிற கதை. ஆமாம், தண்ணி கோருகிற வாளிதான்.

எனக்குப் பிடிக்காதது 'கார்த்தாங்க்'. கல்லறைக்குள் இருட்டில் தாவித் தாவிப் போகவேண்டும். முதல் தடவை விழும்போது நெஞ்சு திக்கென்கும், அதே இடத்தில் மறுபடி மறுபடி விழும்போது பயம் போய் எரிச்சல்தான் மிஞ்சும். திகில் கேமில் ஒரே இடத்தை நாலு தடவை செய்யவைத்தால் காரியம் கெட்டது என்பது என் கட்சி. ஆனால் அதைப் பிடிக்கும் என்பவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

சாமக்கொடை: நாங்க சொடலைமாடன் கொடையில சாமி நடுச்சாமத்துல பந்தத்தோட மயானத்துக்கு வேட்டைக்குப் போறதப் பாத்து வளந்தவங்க. இந்த வெள்ளக்காரப் பேய்க்கா பயப்படப் போறோம்?

நல்ல கேள்வி, ஆனால் நீரே அதில் பதிலையும் வைத்திருக்கிறீர் அண்ணாச்சி. கொடையில், அதாவது கோயில் திருவிழாவில், வில்லுப்பாட்டுக்காரர் சாமி பிறந்த கதையிலிருந்து எல்லாவற்றையும் விலாவாரியாகப் பாடிவிடுகிறார், அதைக் கேட்டு யாரும் நடுங்குவதில்லை, சின்னப் பிள்ளைகள் அம்மா மடியில் தூங்கிவிடும். வயிற்றைப் பிசைவது எது? வேட்டைக்குக் கிளம்பும்போது 'எதிரே வராதே, பின்னாலே போகாதே' என்று சொல்கிறார்களே, அங்கே மயானத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் யாரும் சொல்வதில்லையே, அதுதான். சாமியாடி திரும்பி வந்த பிறகும் அவர் முகத்தைத்தான் பார்க்கிறோமே தவிர வாயைத் திறந்து கேட்பதில்லை.

குட்டிக் கேம் ஜெயிக்கிற இடமும் இதேதான். பத்து மணி நேர திகில் கேமில் பேய் எந்தச் சத்தத்துக்கு வரும், எவ்வளவு தூரம் ஓடினால் விடும், அலமாரிக்குள் ஒளிந்தால் போதுமா என்பதெல்லாம் மூன்றாவது மணி நேரத்திலேயே நமக்குப் பாடமாகிவிடும், அதற்குப் பிறகு அது பேய் கிடையாது, வேலை. அரை மணி நேரக் கேமில் அந்த விதியை நாம் கண்டுபிடிப்பதற்குள் கேம் முடிந்துவிடுகிறது. இரண்டாவது தொகுப்பில் ஷிமான்ஸ்கி செய்த 'ஸ்குவிரல் ஸ்டேப்லர்' எடுத்துக்கொள்ளும்: காட்டில் அணில் சுட்டு வீட்டில் கிடக்கிற பிணத்தின் மேல் ஸ்டேப்லர் வைத்து அடிக்கவேண்டும், கேட்டால் பைத்தியக்காரத்தனமாக இருக்கும், சிரித்துக்கொண்டேதான் ஆரம்பிப்போம். ஆனால் கடவுள் வரப்போகிறார், இன்னும் இத்தனை நாள் என்று ஒரு கணக்கு ஓடிக்கொண்டே இருக்கும். எந்தக் கடவுள், எதற்கு வருகிறார், வந்தால் என்ன ஆகும், எதுவும் சொல்லமாட்டார்கள். கொடை பார்த்து வளர்ந்தவருக்கு இது மற்றவர்களைவிட நன்றாகவே உறைக்கும்.

பாளை அக்கா: எம் பையன் ஒம்பதாங் கிளாஸ். வாங்கித் தான்னு நிக்கான். குடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம் அக்கா. ரத்தம், பிணம், தற்கொலைப் பேச்சு என்று எந்தக் கேமில் எது வரும் என்று சொல்லமுடியாது, பல பேர் தனித்தனியாகச் செய்தது என்பதால் ஒரே அளவும் கிடையாது. ரொம்ப அடம் பிடித்தால் மூன்றாவது தொகுப்பிலிருந்து தனியாக வளர்ந்து வந்த 'ஸ்பூக்வேர்' இருக்கிறது. எலும்புக்கூட்டுப் பிள்ளைகள், சில வினாடிகளில் முடிகிற கேலி விளையாட்டுகள். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

அம்பை பொடியன்: எங்க அக்காவுக்கு ஸ்கூல்ல குடுத்த லேப்டாப்ல ஓடுமா?

சில ஓடும், சில தவ்வித் தவ்வி ஓடும், சில திறக்கவே திறக்காது. பார்க்கப் பழைய கிராபிக்ஸ் மாதிரி இருக்கிறது, அதனால் லேசாகத்தான் இருக்கும் என்று நினைத்துவிடாதே தம்பி, ஒரு வாரத்தில் செய்தவர்களுக்கு மெருகு போட நேரம் ஏது? காசு கொடுக்கும் முன்னால் 'ஹாண்டட் பிஎஸ்1 டெமோ டிஸ்க்' இறக்கிப் பார். இண்டி கேம்கள் கிடைக்கிற இட்ச் தளத்தில் இலவசம், 2020-ல் வந்ததில் 17 டெமோ, 2021-ல் வந்ததில் 25 டெமோ. இவையும் இதே ஜாதிதான், பல பேர் சேர்ந்து செய்த திகில் துண்டுகள். அதில் பாதி ஓடினால் தைரியமாக வாங்கலாம். இன்னொன்று, குட்டிக் கேம்கள் பலவற்றில் சேவ் கிடையாது. லேப்டாப் பேட்டரி செத்துப் போயிருந்தால் கரன்ட் போன உடனே முதலிலிருந்துதான்.

தாமிரபரணித் தவளை: அதென்ன எல்லாமே பழைய பிளேஸ்டேஷன் மாதிரி ஆடிக்கிட்டே இருக்கு? கண்ணு வலிக்கி.

அந்த ஆட்டம் வேண்டுமென்றே வைப்பது. முதல் பிளேஸ்டேஷனால் முப்பரிமாண உருவத்தின் மூலைப் புள்ளிகளைத் திரையில் பின்ன அளவில் நிறுத்தமுடியாது, முழு எண்ணுக்கு இழுத்துவிடும். அதனால் கேமரா மெதுவாக நகர்ந்தால் சுவரும் மேசையும் நடுங்கும். தூரத்தைக் கணக்கில் வைத்துப் படத்தை ஒட்டுகிற வசதியும் அதில் இல்லை, தரையின் கட்டங்கள் கிட்டே போனால் வளையும். அதிக தூரம் காட்ட வலு கிடையாது என்பதால் மூடுபனி போட்டு மறைப்பார்கள், 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்' அந்த மூடுபனியையே பயமாக்கிக் காட்டியது. அன்றைக்கு இயந்திரத்தின் குறை, இன்றைக்குச் செய்பவர்கள் ஷேடர் என்கிற, திரையில் படம் தீட்டும் சின்ன நிரல் எழுதி அந்தக் குறையை வரவழைக்கிறார்கள்.

சும்மா பழைய ஞாபகத்துக்கா என்றால் அது பாதிக் காரணம். முகத்தில் நாலு கட்டம்தான் இருக்கிறது என்றால் அது சிரிக்கிறதா முறைக்கிறதா என்று தெரியாது, மீதியை நம்ம புத்தி வரைந்துகொள்ளும். செலவும் மிச்சம். ஆனால் நீங்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, இப்போது எவனைப் பார்த்தாலும் இதே ஆட்டம்தான், பத்தில் ஆறு இப்படி வந்தால் சலிப்புத் தட்டும். கண் வலித்தால் செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள், சில கேம்களில் நடுக்கத்தையும் புள்ளிப் படலத்தையும் குறைக்க வழி வைத்திருப்பார்கள்.

மேலப்பாளையம் பாய்: புடிக்கலன்னா காசு திரும்பக் கிடைக்குமா?

ஸ்டீமில் வாங்கி 14 நாளுக்குள், விளையாடிய நேரம் 2 மணிக்குள் இருந்தால் கேட்கலாம் பாய். ஆனால் தொகுப்பு முழுவதற்கும் சேர்த்துத்தான் கணக்கு, ஒரு கேம் பிடிக்கவில்லை என்று அதற்கு மட்டும் வாங்கமுடியாது. இரண்டு மணி நேரத்தில் நாலு கேம் ஓடிவிடும், அதனால் எதிலிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். அவசரமில்லை என்றால் தள்ளுபடி சீசனுக்குக் காத்திருங்கள்.

சங்கரன்கோயில் ராக்கோழி: ஒரே ராத்திரில பத்தையும் முடிச்சிட்டேன். நாலாவதுக்கு மேல ஒண்ணுமே பயமில்ல. ஏன்?

பின்னே? வரிசையாக அடித்தால் மரத்துத்தான் போகும். ஒரு ராத்திரிக்கு ஒன்று, மிஞ்சினால் இரண்டு. ஒன்றை முடித்ததும் அடுத்ததைத் தட்டாமல் கம்ப்யூட்டரை மூடிவிட்டுப் படுக்கவேண்டும், பாதிப் பயம் படுத்த பிறகுதான் வரும். இரண்டாவது தொகுப்பிலிருந்து இதற்காகவோ என்னவோ வெறும் பட்டியலைத் தூக்கிவிட்டு, தொகுப்பையே ஒரு இடமாக்கிவிட்டார்கள். பெரிய மாளிகை ஒன்றில் சுற்றித் திரிந்து புதிர் அவிழ்த்து, சாவி தேடி, கேம்களைத் திறக்கவேண்டும். நாலாவதில் அன்டார்ட்டிக்காவில் ஒரு முகாம். கேம்களைவிட அந்த மாளிகைதான் பிடித்தது என்று சொல்பவர்கள் கணிசம். நேராகக் கேமுக்குப் போகவிடாமல் இழுத்தடிக்கிறான் என்று திட்டுபவர்களும் கணிசம், எனக்கு அந்த இழுத்தடிப்பு பிடிக்கும்.

தென்காசிச் சாரல்: டீசர் டீசர்னு சொல்லுதீங்களே, எதாச்சும் முழுக் கேமா வந்துச்சா?

வந்தது. இரண்டாவது தொகுப்பில் இருந்த 'சக்கர் ஃபார் லவ்', லவ்கிராஃப்ட் பூதத்தைக் காதலிக்கிற கூத்து, 2022-ல் தனிக் கேமாக வந்தது. 'ஸ்பூக்வேர்' 2021. 'ஸ்குவிரல் ஸ்டேப்லர்' 2023-ல் தனியாக. டீசர் வளராவிட்டாலும் ஆள் வளர்ந்த கதையும் உண்டு, முதல் தொகுப்பில் 'ஷாட்டர்' செய்த லவ்லி ஹெல்பிளேஸ் அப்புறம் 'ட்ரெட் டெல்யூஷன்' என்று பெரிய ஆர்பிஜியே, அதாவது ஒரு பாத்திரமாகவே மாறி ஆடுகிற கேமே, செய்தார்கள். ஷிமான்ஸ்கி 2022-ல் 'அயர்ன் லங்' விட்டார். ஒரே ஒரு நீர்மூழ்கிக் கப்பல் அறை, ஜன்னல் கிடையாது, வெளியே ரத்தக் கடல், போட்டோ எடுத்து எடுத்துத்தான் வெளியே என்ன இருக்கிறது என்று பார்க்கமுடியும். இந்த ஜாதியில் அதைவிட இறுக்கமாக நான் ஒன்றும் பார்க்கவில்லை.

இன்ஜினியரிங் மூணாம் வருஷம்: அண்ணாச்சி, நம்ம ஊர வச்சு நானே ஒண்ணு செய்யலாம்னு இருக்கேன். சுடுகாடு, வெள்ளச் சேலப் பொம்பள, முருங்கமரம்...

நிறுத்து தம்பி, வெள்ளைச் சேலையை அவிழ்த்து மடித்து வை. அதைச் சினிமாவிலேயே சலிக்கச் சலிக்கப் பார்த்தாச்சு. ஒரு இடம், ஒரு விதி, நல்ல சத்தம், இந்த மூன்று போதும். திசையன்விளைப் பக்கம் தேரிக்காடு போயிருக்கிறாயா? கண்ணுக்கெட்டிய தூரம் செம்மண், பனைமரம், ஆடிக் காற்று அடித்தால் நடந்து வந்த கால்தடம் கொஞ்ச நேரத்தில் அழிந்துவிடும். அதையே விதியாக வை: திரும்பிப் பார்த்தால் உன் தடம் இருக்காது, ஆனால் பக்கத்தில் இன்னொரு தடம் மட்டும் அழியாமல் இருக்கும். யாருடையது என்று கடைசிவரை சொல்லாதே. பனையோலை சரசரக்கிற சத்தத்தைப் போனிலேயே பதிவு பண்ணிக்கொள், வாங்குகிற சத்தத்தைவிட அது நூறு மடங்கு நன்றாக இருக்கும்.

கேம் செய்கிற மென்பொருளில் கோடோ எஞ்சின் இலவசம், யூனிட்டியும் படிக்கிற பிள்ளைகளுக்குக் காசில்லாமல் கிடைக்கும். ஏழு நாள் என்று கெடு வைத்துக்கொண்டு எட்டாவது நாள் கையை எடுத்துவிடு. இந்தியாவிலிருந்து ஒருத்தர் செய்கிற 'ஃபியர்ஸ் டு ஃபாதம்' முதல் பாகத்தை, 2021-ல் வந்தது, இலவசம்தான், இறக்கி விளையாடு. வீட்டில் தனியாக இருக்கிற பையன், ராத்திரி, அவ்வளவுதான் கதை. முடித்துவிட்டு அனுப்பு, நான் விளையாடிப் பார்த்துச் சொல்கிறேன்.

வள்ளியூர்க்காரன் (மறுபடியும்): எல்லாஞ் சரி. அஞ்சுல ஒண்ணுதான் வாங்க முடியும்னா?

இரண்டாவது.