பெருநாள் செலவும் சேமலாப நிதியும்

கேள்வி: யாழ் நகரில் புடவைக்கடை வைத்திருக்கிறேன். விற்பனைக்கு நிற்கும் பிள்ளைகளுக்கு மாதம் 50,000 ரூபாய் கொடுக்கிறேன். ஏட்டில் 25,000 என்று காட்டித்தான் ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறேன். சுற்றியுள்ள கடைகளும் அப்படித்தான். பிள்ளைகளும் அதையே விரும்புகிறார்கள். கோயில் பெருநாள் செலவில் பெரும்பங்கு என்னுடையது. கிறிஸ்தவ முதலாளி ஒருவர் இதற்கு மேல் என்ன செய்யவேண்டும்?
- குருநகர் வாசகர்

பதில்: இதற்கு மேல் ஒன்றும் வேண்டாம். இதற்குக் கீழே ஒன்று விட்டுப்போயிருக்கிறது.

முதலாளி கட்டவேண்டியது சேமலாப நிதிக்கு 12 வீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதம். 50,000க்கு அது 7,500 ரூபாய். நீங்கள் கட்டுவது 3,750. மிச்சம் 3,750 மாதாமாதம் உங்கள் லாச்சியிலேயே நிற்கிறது. ஒரு பிள்ளைக்கு வருடத்தில் 45,000. அந்தப் பிள்ளை பத்து வருடம் கழித்து வீட்டுக்கோ வைத்தியச் செலவுக்கோ நிதியிலிருந்து 30 வீதம் எடுக்கப் போனால், பாதிக் கணக்கில்தான் அந்த 30 வீதம் கிடைக்கும்.

பிடித்துவைத்த கூலி கடவுளின் காதில் விழும்படி கத்துகிறது என்று யாக்கோபு எழுதியது (5:4) உங்களுக்குத் தெரிந்திருக்கும். பாப்பரசர் 13ஆம் லியோவும் 1891இல் தொழிலாளர் பற்றிய சுற்றுமடலில் அதே வசனத்தைத்தான் முதலாளிமாருக்கு எடுத்துக்காட்டினார்.

இயேசுவைத் தன் வீட்டில் வரவேற்ற வரி வசூலிப்பவர் சக்கேயுவைப் பாருங்கள். பாதிச் சொத்து ஏழைகளுக்கு என்றதோடு அவர் நிறுத்தவில்லை. ஏமாற்றி வாங்கியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்றும் சொன்னார். மீட்பு வந்தது என்ற இயேசுவின் வார்த்தை அதற்குப் பிறகுதான் வருகிறது. நீங்கள் முதல் பாதியை மட்டும் வாசித்துவிட்டுப் பெருநாளுக்குப் போயிருக்கிறீர்கள். நான்கு மடங்கெல்லாம் சட்டம் கேட்காது. நிலுவையோடு தண்டம் கேட்கும். ஒரு வருடத்துக்கு மேல் பிந்தினால் 50 வீதம். தொழில் திணைக்களத்துக்கு நீங்களாகவே போவது நல்லது.

சுற்றியுள்ள கடைகளா? சக்கேயுவைச் சுற்றியிருந்த வரி வசூலிப்பவர்களும் அப்படித்தான். போட்டியை விலையில், துணியின் தரத்தில் காட்டுங்கள், யார் வேண்டாம் என்றது?

சரி, பிள்ளைகளே கேட்கிறார்கள் என்கிறீர்கள். கேட்கத்தான் செய்வார்கள். முழுச் சம்பளத்துக்கும் 8 வீதம் கழித்தால் 4,000 போகும், இப்போது 2,000தான் போகிறது. மாதக் கடைசியில் அந்த 2,000 பெரிய காசு. ஆனால் அவர்கள் மிச்சம் பிடிக்கப் பார்த்தது தங்கள் பங்கில். உங்கள் பங்கில் 3,750ஐ உங்களுக்கே விட்டுத்தருகிறோம் என்று அவர்களில் யார் கேட்டது?