அப்பாவின் மூச்சும் மாடிப் புறாக்களும்

கேள்வி: அப்பாவுக்கு வயது 68. ஓய்வுபெற்ற ஆசிரியர், சிகரெட் தொட்டதில்லை. வெள்ளிக்கிழமை தவறாமல் கோணேசர் கோயிலுக்கு நடந்தே ஏறுவார். இப்போது கோட்டைக்குள் மான்கள் நிற்கும் இடத்திலேயே நின்று மூச்சு வாங்குகிறார். ஒரு வருடமாக வறட்டு இருமல். ஸ்கானில் இரண்டு நுரையீரலிலும் 'நார்த்தழும்பு' என்று வந்திருக்கிறது. அயலவர்கள் காசநோய் என்கிறார்கள். ஒட்சிசன் வைத்தால் பிறகு விடவே முடியாதாம். இது மாறுமா டொக்டர்? மாடியில் வளர்க்கும் 30 புறாக்கள்தான் அவருக்கு இப்போது ஒரே ஆறுதல்.
– மகள், உப்புவெளி

பதில்: மகள், கடைசியாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் புறாக்களில்தான் என் கண் நின்றது. காய்ந்த எச்சத்தின் தூசியும் இறகுத் தூளும் சிலருடைய நுரையீரலில் ஒவ்வாமையைக் கிளப்பும். வருடக்கணக்கில் அது தொடர்ந்தால் தழும்பாகவே இறுகிவிடும். பூஞ்சணம் பிடித்த வைக்கோலும் இதைச் செய்யும். மூட்டுவாத நோயாலும், மெதொட்ரெக்சேற், அமியோடரோன் போன்ற மருந்துகளாலும் தழும்பு வரலாம். எந்தக் காரணமும் அகப்படாமல் வருவதும் உண்டு. ஆகவே அடுத்த கிளினிக்குக்கு அப்பாவின் எல்லாக் குளிசைகளையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்கள். புறா விஷயத்தை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

இது தொற்றாது. பழைய காசநோயும் தழும்பு விடும்தான், ஆனால் பெரும்பாலும் நுரையீரலின் மேற்பகுதியில். சந்தேகமிருந்தால் சளிப் பரிசோதனை செய்துவிடலாம்.

என் பெரியப்பாவுக்கும் இந்த நோய் இருந்தது. ஆஸ்துமா என்று பம்ப் அடித்தே இரண்டு வருடம் போனது. நான் அப்போது மருத்துவ மாணவன். ஒரு விடுமுறையில் அவர் முதுகின் கீழ்ப்பக்கம் ஸ்டெதஸ்கோப் வைத்தேன். மூச்சை இழுக்கும்போது, பிள்ளைகளின் சப்பாத்தில் ஒட்டும் பட்டியை மெதுவாகப் பிரித்தால் வருமே, அதே சத்தம். இரண்டு ஆள்காட்டி விரல் நகங்களையும் முதுகோடு முதுகாக ஒட்டவைத்துப் பார்த்தேன். வழக்கமாக நடுவில் தெரியும் சின்ன இடைவெளி இல்லை, நுனிகள் உருண்டிருந்தன. அந்தச் சத்தமும் இந்த விரல்களும் நுரையீரல் தழும்பின் அடையாளங்கள். இன்றும் இந்தச் சத்தம் கேட்டால் நான் நுண்ணிய சி.ரி. ஸ்கான் எடுக்காமல் விடுவதில்லை.

மாறுமா என்று கேட்டீர்கள். விழுந்த தழும்பு போகாது. மிச்சமிருக்கும் நல்ல நுரையீரலைக் காப்பதுதான் வைத்தியம். காரணம் தெரியாத வகைக்குப் பிர்ஃபெனிடோன், நின்டெடானிப் என்ற இரண்டு மருந்துகளுக்கு 2014 இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. நுரையீரல் சுருங்கும் வேகத்தை இவை ஏறத்தாழப் பாதியாக்கும். ஆனால் இருமல் நின்றுவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பிர்ஃபெனிடோனைச் சாப்பாட்டோடுதான் போடவேண்டும், இல்லாவிட்டால் குமட்டும். தோலும் வெயில் தாங்காது. எங்கள் திருகோணமலை வெயிலில் நீளக்கைச் சேர்ட்டும் குடையும் இல்லாமல் இறங்கவே கூடாது. நின்டெடானிப் வயிற்றோட்டம் தரும். இரண்டுக்கும் ஈரல் இரத்தப் பரிசோதனை வேண்டும். விலையும் கூட, அதை முன்கூட்டியே வைத்தியரிடம் பேசுங்கள்.

ஒருகாலத்தில் எல்லோருக்கும் ஸ்டீரோயிட்டும், நோயெதிர்ப்பை அடக்கும் அசதயோப்ரினும் சேர்த்துக் கொடுத்தோம். காரணம் தெரியாத வகையில் அந்தக் கூட்டு மருந்து உயிருக்கே ஆபத்து என்று 2012 இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. ஆனால் புறாவால் வந்ததென்றால் சிலருக்கு ஸ்டீரோயிட் உதவும். எந்த வகை என்று முதலில் பிரித்தறியச் சொல்வது இதனால்தான். இங்கே முடிவு தெரியாவிட்டால் வெலிசறையில் சுவாச நோய்களுக்கென்றே தேசிய வைத்தியசாலை இருக்கிறது, அங்கே அனுப்பச் சொல்லி உங்கள் வைத்தியரிடம் கடிதம் கேளுங்கள்.

ஒட்சிசனுக்குப் பயப்படாதீர்கள். அது பழக்கமாகிப்போகும் பொருளல்ல. சும்மா இருக்கும்போதே விரலில் மாட்டும் கருவி இரத்த ஒட்சிசன் அளவை 88 சதவீதம் அல்லது அதற்குக் கீழே காட்டினால் அது தேவை. என் பெரியப்பா வேண்டாம் வேண்டாமென்று தள்ளிப்போட்டு, கட்டிலிலிருந்து கிணற்றடிக்குப் போகவும் முடியாமல் இருந்தார். ஒட்சிசன் வந்த பிறகு தாழ்வாரத்தில் உட்கார்ந்து எங்களோடு பேசினார். தள்ளிப்போட்ட அந்த மாதங்களை அவர் வீணாக இழந்ததுதான் எனக்கு இன்னும் ஆறாதது.

அப்புறம், தடிமன் காய்ச்சலுக்கும் நியுமோனியாவுக்கும் தடுப்பூசி போடுங்கள். காலை வெயில் ஏறுமுன் மெதுவாக நடக்கச் சொல்லுங்கள், நின்று நின்று நடந்தாலும் சரி.

புறாக்களை யாராவது நண்பரிடம் கொடுக்க அப்பாவைக் கேளுங்கள். கஷ்டமான பேச்சு, தெரியும். கூட்டை அவர் கழுவவேண்டாம். வேறொருவர் முகக்கவசம் போட்டு, காய்ந்த எச்சத்தைக் கூட்டாமல் தண்ணீர் தெளித்து எடுக்கட்டும். அப்பா சம்மதித்தாரா என்று எனக்கு எழுதுங்கள்.