ஔலுவுக்கு ஆகஸ்ட்ல வர்ற சேலத்துத் தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது அஞ்சு கேள்வி. ஃபின்லாந்துல ஔலு யூனிவர்சிட்டில மாஸ்டர்ஸ் சீட் கெடச்சிருக்கு, பார்ட் டைம் வேலை ஈசியா கெடைக்குமா, எந்த ஜாக்கெட் வாங்கணும், வெஜ் சாப்பாட்டுக்கு என்ன வழி, தமிழ் ஆளுங்க இருக்காங்களா, ஃபின்லாந்துக்காரங்க ஃப்ரெண்ட் ஆவாங்களா இல்ல ரூமுக்குள்ளயே தனியா கெடக்கணுமான்னு. ஜாக்கெட்டுக்கு ஆயிரம் பேர் பதில் சொல்லுவாங்க, அத விடு. நான் கடைசிக் கேள்விக்குத்தான் ஒழுங்கா பதில் சொல்லப் போறேன், ஏன்னா மத்த நாலும் சுத்திச் சுத்தி அதுலதான் வந்து நிக்குது. வயசுல மூத்தவ, அதனால நீ வா போன்னுதான் பேசுவேன், தப்பா எடுத்துக்காத.

நாங்க வந்தது 2010 நவம்பர். திருச்சில பி.இ. முடிச்சுட்டு கல்யாணம் ஆன கையோட வந்தேன், வீட்டுக்காரருக்கு டெலிகாம் வேலை. நவம்பர்ல மட்டும் யாரையும் இந்த ஊருக்கு வர வெக்கக் கூடாது. டிசம்பர் ஜனவரில குளிர் மைனஸ் இருபது போனாலும் பனி கெடக்கும், வெள்ளையா ஒரு வெளிச்சம் இருக்கும், நவம்பர்ல பனியும் ஒழுங்கா நிக்காது, வெயிலும் கெடையாது, ரோடு ஈரம், ஒரே கறுப்பு. டிசம்பர் கடைசில காலைல பத்தரை மணி வாக்குல விடியும், மதியம் ரெண்டுக்கெல்லாம் சூரியன் போயிரும். ஔலுவுலயே துவிராங்கற ஏரியால மூணாவது மாடில வீடு. எதிர் வீட்டுக்காரங்க வெளிய வர்றதுக்கு முன்னாடி கதவு ஓட்டை வழியா பாப்பாங்க, நாங்க படில நின்னா நாங்க எறங்கிப் போற வரைக்கும் உள்ளேயே நிப்பாங்க. ஏதோ நம்ம மேல வெறுப்புன்னு நெனச்சு அழுதிருக்கேன். அப்புறம்தான் தெரிஞ்சுது, அவங்க அவங்க சொந்தக்காரங்களுக்கும் அப்படித்தான். படில பாத்தா பேச வேண்டி வரும், பேசறதுக்கு விஷயம் ஒண்ணும் இல்ல, எதுக்கு ரெண்டு பேருக்கும் தொந்தரவு, அவ்வளவுதான் கணக்கு.

அடுத்த வருஷமே நோக்கியா ஃபோன் கதை கவுந்துச்சு. உனக்கு அப்ப சின்ன வயசு, ஸ்ரீபெரும்புதூர் ஃபேக்டரி 2014-ல மூடினது கேள்விப்பட்டிருப்ப, அதே வருஷம்தான் நோக்கியா ஃபோன் பிரிவ வாங்கின மைக்ரோசாஃப்ட் இங்க ஔலு யூனிட்டையும் மூடுறதா அறிவிச்சுது. ஊரு முழுக்க எஞ்சினியருங்க வேலை இல்லாம நின்னாங்க, எங்க வீட்டுலயும் சம்பளம் நின்னுச்சு, எந்தக் கம்பெனின்னு இப்ப வேணாம். நம்ம ஆளுங்க பாதிப் பேரு ஹெல்சிங்கி பக்கம் எஸ்போவுக்கு மூட்டை கட்டினாங்க. நாங்க போகல. அதுக்குக் காரணம் நான் போய்க்கிட்டு இருந்த மொழி வகுப்பு.

வெளிநாட்டுலேருந்து வந்து வேலை இல்லாம இருக்கறவங்களுக்கு இங்க அரசாங்கமே ஃபின்னிஷ் சொல்லிக் குடுக்கும். என் வகுப்புல ஈராக்ல பாஸ்ராவுலேருந்து வந்த ஒரு அக்கா, முர்மான்ஸ்க்லேருந்து ஒரு ரஷ்யாக்காரி, ஃபின்லாந்துக்காரரைக் கட்டிக்கிட்டு இங்க பக்கத்துல ஹௌகிபுதாஸ்ல குடியிருந்த தாய்லாந்துப் பொண்ணு, காங்கோவுலேருந்து அகதியா வந்த ஒரு அண்ணன். யாருக்கும் இங்கிலீஷ் வராது. எனக்கு மட்டும்தான் வரும், அத வெச்சுக்கிட்டு நான் என்ன பண்ண? டீச்சர்கிட்ட பேசலாம், பக்கத்து சீட்ல இருக்கறவங்ககிட்ட பேச முடியாதே. அதனால எல்லாரும் ஓட்டை ஃபின்னிஷ்ல பேசினோம். வீட்டு வாடகை, மாமியார், பிள்ளைங்களுக்கு ஜுரம், எல்லாமே. யாரும் யாரையும் திருத்த மாட்டோம், திருத்தறதுக்கு யாருக்குத் தெரியும். ஆறு மாசத்துல நான் மார்க்கெட் ஹால்ல மீன்காரர்கிட்ட பேரம் பேசற அளவுக்கு வந்துட்டேன், அவரு விலை குறைக்கலங்கறது வேற விஷயம்.

இத எதுக்குச் சொல்றேன்னா, உன்ன மாதிரி நல்லா இங்கிலீஷ் பேசற பசங்கதான் இங்க கடைசி வரைக்கும் வெளியாளாவே நிக்கறாங்க. நீ ஃபின்னிஷ்ல ஒரு வார்த்த ஆரம்பிச்சா போதும், எதிர்ல இருக்கறவன் மரியாதைக்கு உடனே இங்கிலீஷுக்கு மாறிடுவான், உனக்கும் நிம்மதியா இருக்கும், அப்படியே பத்து வருஷம் ஓடிரும். கேலாவுலேருந்து, அதாவது அரசாங்க உதவித்தொகை ஆபீஸ்லேருந்து, வர்ற லெட்டரை ஃபோன் கேமராவுல காட்டி மொழிபெயர்த்துப் படிக்கற ஆளுங்கள எனக்குத் தெரியும், சொந்த வீடு வாங்கி, பிள்ளை எட்டாவது படிக்குது. பேரண்ட்ஸ் மீட்டிங்ல அந்தப் பிள்ளைதான் அப்பாவுக்கு மொழிபெயர்க்குது. குடியுரிமைக்கு இருந்த அஞ்சு வருஷக் கணக்க 2024 அக்டோபர்லேருந்து எட்டு வருஷமாக்கிட்டாங்க, மொழிப் பரீட்சையும் எழுதணும், அப்ப உக்காந்து 'கஷ்டமான மொழி'ன்னு பொலம்பறது.

கஷ்டமான மொழின்னு சொல்றவங்க மேல எனக்குக் கோவம் வரும். அமெரிக்காக்காரன் சொல்லலாம். நமக்கென்ன? நம்மகிட்ட எட்டு வேற்றுமை, அவங்ககிட்ட பதினஞ்சு, ரெண்டுலயும் உருபு வார்த்தைக்குப் பின்னாடிதான் ஒட்டுது. குறில் நெடில் மாறினா அர்த்தமே மாறும், ஒற்று விட்டாலும் மாறும், இது நமக்கு ஒண்ணாம் கிளாஸ் பாடம். என் ரஷ்யாக்காரி பாவம் அந்த நெடிலுக்கு ஒரு வருஷம் நாக்க வளைச்சா.

அவளப் பத்திச் சொல்லியே ஆகணும். செப்டம்பர் வந்தா அவளுக்குக் காளான் பைத்தியம் புடிச்சிரும். ஒரு பழைய கார், பின் சீட்ல நாங்க மூணு பொம்பளைங்க, பக்கெட்டு, ரப்பர் பூட்ஸ். இங்க காட்டுல யார் வேணும்னாலும் பெர்ரி, காளான் பறிக்கலாம், அடுத்தவன் நிலமா இருந்தாலும் வீட்டு முத்தத்துக்குள்ள போகாத வரைக்கும் சட்டம் ஒண்ணும் சொல்லாது. பாஸ்ரா அக்கா கரடி வரும் கரடி வரும்னு சத்தமா பேசிக்கிட்டே வருவாங்க, அந்தச் சத்தத்துக்கே கரடி நார்வே போயிருக்கும். தாய்லாந்துப் பொண்ணுக்கு புளூபெர்ரி எடம் அத்தனையும் அத்துப்படி, ஆனா ஹில்லான்னு சதுப்பு நிலத்துல மொளைக்கற மஞ்சப் பழம் ஒண்ணு இருக்கு, அது எங்க கெடைக்குதுன்னு மட்டும் அவ புருஷன் அவகிட்டகூடச் சொன்னதில்ல. திரும்பி வந்து அந்தத் தாய்லாந்துப் பொண்ணு வீட்டு சானாவுல, நீராவிக் குளியல் ரூம்ல உக்காந்து, வெளிய வந்து அக்கா போட்ட ஏலக்கா டீ குடிப்போம். என் பையனுக்கு அவங்க மூணு பேரும் பெரியம்மா சித்திங்கதான். ஃபின்லாந்து ஃப்ரெண்ட்ஸ் கேட்டியே, எனக்கு மொதல்ல கெடச்ச ஃபின்லாந்து ஃப்ரெண்ட்ஸ் இவங்கதான், ஒருத்தர்கூட ஃபின்லாந்துக்காரங்க இல்ல.

ஊர்க்காரங்க அப்புறம் வந்தாங்க. அவங்க பேசிப் பழக மாட்டாங்க, சேந்து வேலை செஞ்சாதான் பழகுவாங்க. வசந்த காலத்துல ஒவ்வொரு அபார்ட்மெண்ட்லயும் ஒரு நாள் எல்லாரும் முத்தத்துல எறங்கிப் போன வருஷத்து இலை, குளிர்காலத்துல கொட்டின பொடிக்கல்லு எல்லாத்தையும் கூட்டி வாருவாங்க, தல்கோத்னு பேரு. முடிச்சுட்டு சாசேஜ் சுடுவாங்க. நான் வெங்காய பஜ்ஜி போட்டு எடுத்துட்டுப் போனேன். எல்லாம் தீந்துச்சு, ஒருத்தர் வாயத் தொறந்து நல்லாருக்குன்னு சொல்லல. எனக்கு ஒரே எரிச்சல். அடுத்த வருஷம் தல்கோத் நோட்டீஸ் ஒட்டின அன்னிக்கு, அந்தக் கதவு ஓட்டைக்காரர் படில நின்னு என்னப் பாத்து, அந்த வெங்காயம் இந்த வருஷமும் உண்டான்னு கேட்டாரு. ஒரு வருஷமா மனசுல வெச்சிருந்திருக்காரு மனுஷன்.

அவரப் பத்தி இன்னொண்ணு. இங்க இனவெறி இல்லவே இல்லன்னு யூடியூப்ல சொல்றவன நம்பாத. குடிச்சவன் பஸ்ல கத்துவான், அது ஒரு பக்கம். 2024 ஜூன்ல நடு ஊர்ல வால்கேயா மால்ல வெளிநாட்டுக் குடும்பத்துப் பையன் ஒருத்தன, 12 வயசு, ஒரு வலதுசாரி வெறியன் கத்தியால குத்தினான். என் பையனுக்கும் கிட்டத்தட்ட அதே வயசு. கொஞ்ச நாள் வெளியவே விடல. அப்புறம் ஃபுட்பால் ப்ராக்டிஸுக்கு அனுப்பினா, எதிர் வீட்டுக்காரர் அவன்கூட பஸ் ஸ்டாப்ல போய் நின்னு, பஸ் ஏறினதும் திரும்பி வந்தாரு. அந்த வாரம் முழுக்க நின்னாரு, என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நானும் கேக்கல. இந்த ஊர்ல இதான் நட்பு, உனக்கு வாட்ஸ்அப்ல குட் மார்னிங் அனுப்புவாங்கன்னு எதிர்பாத்தா ஏமாந்துதான் போவ.

சரி, வேலை. இது எச்சரிக்கை, கவனமா கேளு. உனக்கு ஊர்ல கன்சல்டன்சிக்காரன் ஃபீஸ் கட்டிட்டுப் போனா பார்ட் டைம்ல சம்பாதிச்சு லோன் கட்டிரலாம்னு சொல்லிருப்பான். வாரத்துக்குச் சராசரி 30 மணி நேரம் வேலை பாக்கலாம், அது சட்டம். சட்டம் அனுமதிச்சா வேலை இருக்குன்னு அர்த்தமா? ஊர்க்காரனுக்கே வேலை இல்ல இப்ப. ஃபின்னிஷ் தெரியாத பசங்களுக்கு மிஞ்சறது ராத்திரி பேப்பர் போடறது, விடியக்காலைல ஆபீஸ் கூட்டறது, சாப்பாடு டெலிவரி. மைனஸ் இருபதுல சைக்கிள்ல பீட்சா தூக்கிட்டுப் போற நம்ம பசங்களப் பாத்தா வயிறு எரியுது, அதுவும் பத்துப் பேருக்கு ஒரு ஆர்டர்தான் வருது. விசாவுக்கு மாசம் 800 யூரோ கணக்குல ஒரு வருஷத்துக்குக் காட்டச் சொல்லுவாங்க, அத வட்டிக்கு வாங்கிக் காட்டிட்டு வந்து எறங்கினதும் திருப்பி அனுப்பிட்டு இங்க கையில காசில்லாம நிக்கறவங்க இருக்காங்க. அப்படி வராத தம்பி. அது உன் செலவுக்காசு, காட்டறதுக்கு இல்ல. சந்தோஷமான நாடுன்னு 2018-லேருந்து வருஷா வருஷம் மொத எடம் குடுக்கறாங்களே, அது இங்க பொறந்து வளந்தவனோட நிம்மதி, ஏர்போர்ட்ல எறங்கினதும் உனக்கும் ஒரு பங்கு வெட்டித் தர மாட்டாங்க.

நான் பி.இ. சர்டிஃபிகேட்டப் பெட்டில போட்டுட்டு ரெண்டரை வருஷம் பராமரிப்பு நர்சிங் படிச்சு இன்னிக்கு முதியோர் இல்லத்துல வேலை பாக்கறேன். ஊர்ல என்னமோ ஆயா வேலைன்னு பேசினாங்க. பேசட்டும். நெரந்தர வேலை, சங்கம் இருக்கு, லீவு இருக்கு, சுத்தி இருக்கற எஞ்சினியருங்களுக்கு வேலை போனப்பவும் எனக்குப் போகல. பாட்டி தாத்தாங்க பேசற வட்டார ஃபின்னிஷ் புத்தகத்துல இருக்கற மாதிரியே இருக்காது, மொத மாசம் ஒண்ணும் புரியல, இப்ப எனக்கும் அந்தப் பேச்சே ஒட்டிக்கிச்சு, ஹெல்சிங்கி போனா கடைல சிரிக்கறாங்க.

தமிழ் ஆளுங்க இருக்காங்க. பொங்கல், தீபாவளின்னா ஒண்ணு கூடுவோம், நானும் போவேன், சாம்பார் சாதம் தூக்கிட்டு. ஆனா போன அஞ்சு நிமிஷத்துல எந்த ஊரு, ஊர்ல எந்தப் பக்கம், எந்தத் தெருன்னு தோண்டுவாங்க பாரு, எதுக்குன்னு உனக்கே தெரியும். அதத் தாண்டினா காரு, வீட்டு லோன், யாரு எஸ்போ போயிட்டாங்க. நல்லவங்களும் உண்டு, அவசரம்னா ஓடி வருவாங்க, இல்லன்னு சொல்ல மாட்டேன். வாரத்துல ஒரு நாள் அங்க வெச்சுக்க, மத்த நாளெல்லாம் வேற எடத்துக்குப் போ. வில்லா விக்டர்னு நகராட்சி நடத்துற பன்னாட்டு மையம் இருக்கு, லைப்ரரில பேச்சுப் பழக்கற காபி நேரம் நடக்கும். அங்க இங்கிலீஷ் தெரியாத ஆளாப் பாத்துப் பக்கத்துல உக்காரு. கேம்பஸ்ல ஏதாவது ஒரு க்ளப்ல சேரு, பேசற க்ளப் வேணாம், கையால ஏதாவது செய்யற க்ளப்.

மத்ததெல்லாம் சட்டுன்னு சொல்றேன். வெஜ் பிரச்சினையே இல்ல, கேம்பஸ் கேன்டீன்ல கேலா மானியத்துல மலிவா மதியச் சாப்பாடு, வீகன் தட்டும் இருக்கும். லெய்பாயூஸ்தோன்னு பல்லுல கிறீச்னு கடிபடற சீஸ் ஒண்ணு கடைல கெடைக்கும், பன்னீருக்குப் பதிலா அதப் போடு, நாங்க எல்லாரும் அதான். அம்மா நெய் பாட்டில் குடுத்தா அழுதாலும் வாங்காத, வெளிநாட்டுலேருந்து பால் பொருள், கறி எதுவும் கொண்டு வரக் கூடாது, பச்சைக் கறிவேப்பிலையும் பிடுங்கிருவாங்க, காய வெச்சுக் கொண்டு வா. சைக்கிள் பழசு வாங்கு, குளிர்காலத்துக்கு ஆணி டயர் மாட்டு, இந்த ஊர்ல பனில பிள்ளைங்களே சைக்கிள்ல ஸ்கூல் போகுதுங்க. இருட்டுல நடந்தா கோட்டுல ரிஃப்ளெக்டர் தொங்கணும். ஜாக்கெட் இங்கயே பழைய துணிக் கடைல வாங்கு, சென்னைல விக்கறது ஊட்டிக்குத்தான் ஆகும்.

வீட்டுக்கு பிசோவாஸ்ல அப்ளை பண்ணிட்டியா? மாணவர் வீடு அங்கதான் மலிவு, ஆகஸ்ட்ல எல்லாரும் ஒரே நேரத்துல முட்டுவாங்க. ஃபேஸ்புக்ல போட்டோ காட்டி அட்வான்ஸ் அனுப்புன்னு எவனாவது கேட்டா ஒரு பைசா அனுப்பாத. இன்னும் அப்ளை பண்ணலன்னா இன்னிக்கே பண்ணு, மத்தத வந்து எறங்கினப்புறம் பேசிக்கலாம்.