எஸ்டி-வான் கன்ட்ரோலர் செத்துப்போனால் கிளைகள் எல்லாம் விழுந்துவிடுமா? எப்படி மீட்பது?

உடனே விழாது. எஸ்டி-வான் என்பது கிளை அலுவலகங்களின் நெட்வொர்க்கை மென்பொருளால் ஓரிடத்திலிருந்து ஆளும் முறை; அந்த ஆளும் மூளைதான் கன்ட்ரோலர். இந்நேரம் உங்கள் மேனேஜர் தலைமாட்டில் நின்று "ரூட்டரை ரீஸ்டார்ட் பண்ணிப் பாருங்க" என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஒரு டீ வாங்கிக் கொடுத்து அவரை உட்கார வையுங்கள்.

எங்களுடையது சிஸ்கோவின் எஸ்டி-வான், அதாவது பழைய விப்டெலா. வி-ஸ்மார்ட் (கிளைகளுக்கு ரூட்டையும் சாவியையும் கொடுக்கும் கன்ட்ரோலர்) போனாலும் கிளை ரூட்டர்கள் கடைசியாகத் தெரிந்த ரூட்டையும் என்கிரிப்ஷன் சாவியையும் வைத்தே டனலை, அதாவது தங்களுக்குள் போட்ட பூட்டிய பாதையை, ஓட்டும். இப்படி எவ்வளவு நேரம் ஓட்டலாம் என்று சொல்லும் டைமரில் கை வைக்காதிருந்தால் 12 மணி நேரம். ரீஸ்டார்ட் செய்தால் அத்தனையும் மறந்துவிடும், திரும்பக் கேட்க ஆளும் இருக்காது.

ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி 9 மணிக்கு எங்கள் ஸ்டோரேஜ் படுத்தது. வி-மேனேஜ் (எல்லா செட்டிங்கையும் போடும் நிர்வாக சர்வர்), இரண்டு வி-ஸ்மார்ட், மூன்றும் அதில்தான். இரண்டு இருக்கிறதென்று பெருமை வேறு! ("கிளவுடில் வைத்திருக்கலாமே" என்று வருபவர்களுக்கு: பட்ஜெட் போட்டது நானில்லை.) ஷிஃப்டில் இருந்த தம்பி பதறிப்போய் திண்டுக்கல் ரூட்டரை ரீஸ்டார்ட் செய்தான். அன்றிரவு விழுந்த ஒரே கிளை அதுதான்.

காலை 9 மணி வரை கெடு. வேறு சர்வரில் முதலில் வி-மேனேஜை எழுப்பினோம். டேட்டாபேஸ் பேக்கப் 20 நாள் பழசு. அடுத்து வி-ஸ்மார்ட். சர்டிபிகேட்டை ஏற்கவே மாட்டேன் என்றது. ஒன்றரை மணி நேரம் முட்டிக்கொண்ட பிறகுதான் பார்த்தோம், புது சர்வரின் கடிகாரம் பல மாதம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தது; அதன் கணக்கில் சர்டிபிகேட் இன்னும் செல்லுபடியாகவே ஆரம்பிக்கவில்லை.

என்னைக் கேட்டால், செத்த கன்ட்ரோலரைவிட அரைகுறையாக எழுந்து வரும் கன்ட்ரோலர்தான் ஆபத்து. அந்த 20 நாளில் சேர்த்த மூன்று கிளைகளின் ரூட்டர் சீரியல் எண் பேக்கப்பில் இல்லை. அப்படியே திறந்திருந்தால், அதுவரை நன்றாக ஓடிய கிளைகளை "நீ யார்?" என்று தள்ளியிருக்கும். பாலிசி (யார் யாரோடு பேசலாம் என்ற விதிகள்) ஏறாமல் வந்திருந்தால் எல்லாக் கிளையும் தலைமையகத்தைத் தாண்டி ஒன்றோடொன்று நேராக டனல் போட்டிருக்கும். அதனால் ஃபயர்வாலில் கிளைகளைத் தடுத்து வைத்து, சீரியல் பட்டியல், பாலிசி இரண்டையும் ஏற்றிச் சரிபார்த்து, 8:20க்குத்தான் திறந்துவிட்டோம். திண்டுக்கல்லும் வந்தது.

அந்த 12 மணி நேரத்தை 7 நாள் வரை நீட்டலாம். ஐபிசெக் ரீகீ டைமர் (டனல் சாவியை மாற்றும் இடைவெளி) அதைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். இதை இன்றைக்கே செய்யுங்கள், வி-மேனேஜ் போன பிறகு இந்த மாற்றத்தை எதை வைத்துக் கிளைகளுக்குத் தள்ளுவீர்கள்?

அந்த ராத்திரிக்கு காம்ப்-ஆஃப் (மாற்று விடுப்பு) கேட்டேன். பயோமெட்ரிக்கில் பதிவில்லை என்றது எச்ஆர். வீட்டு ஹாலில் உட்கார்ந்து வேலை பார்த்தவன் எந்த மெஷினில் விரல் வைப்பது? அந்த டிக்கெட் இன்னும் ஓபனில்தான் கிடக்கிறது.