ஓய்வுபெற்ற ராணுவ ஜெனரல்கள் எரிசக்திக் கொள்கையில் ஆலோசனை சொல்வது சரியா?

தாராளமாகச் சொல்லலாம். எதைக் காதில் வாங்குவது, எதை விட்டுவிடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. "துப்பாக்கி பிடித்தவர்களுக்கு கரண்டைப் பற்றி என்ன தெரியும்?" என்று பலர் கேட்பதுண்டு. கரண்டைப் பற்றித் தெரியாமல் இருக்கலாம், எண்ணெயைப் பற்றி நன்றாகவே தெரியும்.

நான் வேலூர் மாவட்டம், கணியம்பாடிப் பக்கம். அருகிலிருக்கும் கம்மவான்பேட்டையை ராணுவப்பேட்டை என்றே சொல்வார்கள், அவ்வளவு பேர் பட்டாளத்துக்குப் போன ஊர். நான் இருந்தது ஏ.எஸ்.சி.யில், அதாவது பட்டாளத்துக்கு எரிபொருளும் சாப்பாடும் கொண்டுசேர்க்கும் ஆர்மி சர்வீஸ் கோர் பிரிவில். சுடுகிற வேலை அல்ல, சுமக்கிற வேலை. லடாக்குக்கு டீசலும் ரேஷனும் ஏற்றிப்போகும் கான்வாய்களில் ஓடியவன்.

காஷ்மீரிலிருந்து லடாக்குக்குப் போகும் வழியில் இருக்கும் சோஜி லா கணவாய் சுமார் 11,500 அடி உயரம். குளிர்காலத்தில் பனி மூடிவிடும் என்பதால் டீசல், மண்ணெண்ணெய், அரிசி, பருப்பு எல்லாம் கோடையிலேயே மேலே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். லே வரைக்கும் டேங்கர். அதற்கப்புறம் பேரல், ஜெரிக்கேன், கோவேறு கழுதை, சில இடங்களுக்கு ஹெலிகாப்டர். சியாச்சின் பனிமலைக் காவல் போஸ்ட்டில் மண்ணெண்ணெய் தீர்ந்தால் குளிர் மட்டும் பிரச்சினை இல்லை, குடிக்கத் தண்ணீரே கிடையாது. பனியை உருக்கித்தானே குடிக்க வேண்டும்? சாதாரண டீசல் அந்தக் குளிரில் கெட்டிப்பட்டுவிடும். டிரைவர்கள் மண்ணெண்ணெய் கலந்து சமாளிப்பார்கள். மைனஸ் 33 டிகிரி வரை உறையாத டீசலை இந்தியன் ஆயில் லடாக்குக்குக் கொண்டுவந்ததே 2019 நவம்பரில்தான்.

வேலூர் பங்கில் ஒரு லிட்டர் என்ன விலை என்பது எல்லோருக்கும் தெரியும். அதே லிட்டர் கடைசி போஸ்ட்டில் போய் இறங்கும்போது லாரி, ஆள், ஹெலிகாப்டர், சில சமயம் உயிர் என்று எல்லாம் அதன் தலையில் ஏறியிருக்கும். இந்தக் கணக்கு எந்த நிதி அமைச்சகத்தின் தாளிலும் முழுதாக வராது. பட்டாளத்துக்காரன் எரிசக்தியைப் பற்றிப் பேசினால் நான் கேட்க விரும்புவது இதைத்தான்.

அமெரிக்காவில் இது பெரிய பேச்சாக ஆனதும் இப்படித்தான். 2003 ஈராக் படையெடுப்பில் மரைன் (அமெரிக்காவின் கடல்வழித் தாக்குதல் படை) படைப்பிரிவை நடத்திய ஜேம்ஸ் மாட்டிஸ், எரிபொருள் என்கிற கயிற்றிலிருந்து எங்களை அவிழ்த்துவிடுங்கள் என்று கேட்டார். 2006இல் ஈராக்கின் அன்பார் மாகாணத்தில் இருந்த ஜெனரல் ரிச்சர்ட் ஸில்மர், சோலார் பேனலும் காற்றாலையும் அனுப்புங்கள் என்று அவசரக் கோரிக்கையே வைத்தார். சுற்றுச்சூழல் பாசத்தால் அல்ல, டீசல் லாரிகளுக்கு வழியில் வெடி வைத்தார்கள் என்பதால். ஆப்கானிஸ்தானில் 24 எரிபொருள் கான்வாய்க்கு ஒருவர் வீதம் இறந்தோ காயம்பட்டோ போனார்கள் என்று அமெரிக்கத் தரைப்படையின் 2009 ஆய்வு ஒன்று கணக்குப் போட்டது. 2007இல் சி.என்.ஏ. என்ற ஆய்வு நிறுவனம் ஓய்வுபெற்ற 11 ஜெனரல்களையும் அட்மிரல்களையும் உட்காரவைத்து, பருவநிலை மாற்றம் தேசப் பாதுகாப்புக்கு ஆபத்து என்று அறிக்கை வெளியிட்டது. அதே நிறுவனத்தின் 2009 அறிக்கையில், ராணுவ முகாம்களே பொது மின்கட்டமைப்பை நம்பி இருப்பது பலவீனம் என்றார்கள். அது நியாயமான கவலை. 2012 ஜூலையில் நம் வட மாநிலங்கள் மொத்தமும் இருட்டானதே! தென்னக மின்கட்டமைப்பு (கிரிட்) அப்போது தனியாக இருந்ததால் நாம் தப்பித்தோம். (தப்பித்து என்ன, நமக்குத் தினசரி மின்வெட்டு தனியாக இருந்தது.)

பிரச்சினை எங்கே என்று சொல்வதோடு அவர்கள் பலம் முடிகிறது. என்ன செய்வது என்று வரும்போது அவர்களும் நம்மைப் போலத்தான், ஆளுக்கொரு பேச்சு. முன்னாள் மரைன் தளபதி பி.எக்ஸ். கெல்லியும் ஃபெடெக்ஸ் முதலாளியும் தலைமை வகித்த குழு 2006இல் கொடுத்த பரிந்துரையில் வண்டிகளின் மைலேஜைக் கூட்டச் சொன்னதோடு, உள்நாட்டில் இன்னும் எண்ணெய் எடுக்கவும் சொன்னார்கள். மேலும், முகாமுக்குள் செலவைப் பார்க்காமல் சோலாரும் பேட்டரியும் போடலாம். ஆம்பூர் தோல் தொழிற்சாலைக்காரர் அப்படிப் போட முடியாது. 2012இல் ஜெனரேட்டர் டீசலுக்கே பணம் கொட்டியவர்களுக்கு யூனிட் என்ன விலை என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் சொல்ல ஜெனரல் ஆள் இல்லை.

நம் நாட்டுக்கு வந்தால், கச்சா எண்ணெயில் 85 சதவீதத்துக்கு மேல் இறக்குமதி. விசாகப்பட்டினம், மங்களூரு, பாதூர் ஆகிய மூன்று இடங்களிலும் பாறைக்குகைகளில் வைக்கக்கூடிய அரசு இருப்பு 53.3 லட்சம் டன். முழுக்க நிரம்பியிருந்தாலும் ஒன்பதரை நாள் தேவைக்குத்தான் வரும். வளைகுடா எண்ணெய்க் கப்பல்கள் வெளியே வரும் ஹோர்முஸ் நீரிணை அடைபட்டால் என்ன ஆகும் என்று ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி பேசினால் டிவி சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள். அவரே அடுத்த மூச்சில் இன்ன கம்பெனியின் அணு உலை, இன்ன கம்பெனியின் பேட்டரி என்று ஆரம்பித்தால், ஓய்வுக்கு அப்புறம் அவர் எந்தக் கம்பெனி போர்டில் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் தேடிப் பாருங்கள். இருந்தால் தப்பு என்று சொல்லவில்லை, ஆனால் அது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அரசு இதற்கென்று குழு போட்டால் ஜெனரல்கள் இரண்டு பேர் போதும். மூன்றாவது நாற்காலியை எண்ணெய் ஸ்டோர் கணக்கு எழுதிய ஒரு சுபேதாருக்குக் கொடுக்கலாம். எந்த ரோட்டில் எத்தனை பேரல் ஒழுகிப் போனது என்று அவருக்குத்தான் தெரியும்.